பச்சைத் துணிக்கு அடியில்

பல்லாஸ்பத்திரி நாற்காலி மாதிரி சொகுசான இருக்கை செஞ்சியில் வேறெங்கும் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ஸ்டேஷன் பெஞ்சைக் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலியில் காலை நீட்டலாம், தலையைச் சாய்க்கலாம், பொத்தானை அழுத்தினால் மேலேகூடப் போகும். அதில் உட்கார்ந்து பாண்டுரங்கன் ஏன் நடுங்கினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவரும் நானும் வாரச்சந்தையில் மாட்டுத் தரகர்கள். ஆயுள் முழுக்க மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயது சொன்னவர். அவருக்கே கடைவாய்ப்பல் இரண்டு போய்விட்டது. தாடை எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் புதுப்பல் பொருத்தவேண்டும் என்றார் டாக்டர் சுவாதி.

"ஸ்க்ரூ முடுக்க நான் இன்னா மரக்கதவா? பயமா இருக்குதுடா துரைக்கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் பாண்டுரங்கன்.

"மரத்துப்போக ஊசி போட்டாலே போதும்ண்ணே, வலிக்காது. ரொம்ப பயமா இருந்தா நரம்புல மருந்து குடுத்து அரைத்தூக்கத்துல வெச்சிக்கலாம். கூப்ட்டா பதில் சொல்வீங்க. அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

"அரைத்தூக்கமே குடுங்க டாக்டரம்மா. மனுஷன் கஷ்டப்படக் கூடாது" என்றேன். விழுப்புரத்திலிருந்து மயக்க மருந்து டாக்டர் வந்துபோகிற செலவை நானே ஏற்றுக்கொண்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். பிடிக்கிற விரலின் கணக்குதான் விலை. விரலைக் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது; கையை மூடிக்கொண்டால் விற்கிற எண்ணம் இல்லை. உள்ளே நடந்தது இருவருக்குத்தான் தெரியும். அதனால், விரலைக் கொடுத்துவிட்டு இல்லையென்பவனோடு அப்புறம் எவனும் துண்டு போடமாட்டான். பாண்டுரங்கன் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவர் வீட்டுச் செவலைப் பசுவை நான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவர் மகள் கவிதாவுடையது. பாலை சொசைட்டியில் ஊற்றித்தான் அந்தப் பெண் நர்சிங் படிக்கிறாள். நான் துண்டு போட்டபோதெல்லாம் பாண்டுரங்கன் கையை மூடிக்கொண்டார். படிக்கிற பெண்ணுக்கு மாடு ஒரு சுமை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷன் அன்று கழுத்திலிருந்து கால்வரை அவருக்குப் பச்சைத் துணி போர்த்தினார்கள்.

"உள்ள கைய உட்டு அவர் கையப் புடிச்சிக்கங்க. தைரியமா இருப்பாரு" என்றார் டாக்டர்.

பிடித்துக்கொண்டேன். அவர்கள் மேலே திருகினார்கள், நான் கீழே பேசினேன்.

"துணிக்கு அடியில விரலெல்லாம் அசையுதே, நல்லா இருக்காரா?" என்றார் டாக்டர்.

"ஜோரா இருக்காரு டாக்டரம்மா."

மறுநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "மாட்ட எப்ப ஓட்டிக்கினு போறது?" என்றேன்.

"எந்த மாட்ட?"

"செவலையத்தான். துணிக்கு அடியில முடிச்சமே, விரலக் குடுத்தியே."

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கஞ்சியை வைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். கவிதா குறுக்கே வந்து நின்றாள்.

"குடுக்காத நைனா. மயக்கத்துல கெடந்தவர்கிட்ட இன்னா வியாபாரம்?"

"வெரலக் குடுத்தாச்சும்மா" என்று கயிற்றை என்னிடம் நீட்டினார். வாய் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. மகளின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

பேசிய விலையைக் குறையாமல் கொடுத்தேன். என்ன விலை என்று கேட்காதீர்கள் சார், அது துண்டு ரகசியம்.

விரல்கள் அசைந்ததைப் பார்த்ததாக டாக்டரம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். எப்படி அசைந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைத்தூக்கத்திலும் அவர் கையை மூடித்தான் வைத்திருந்தார், நல்ல இறுக்கமாக. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். அப்படி இறுக்கி வைத்துக்கொண்டிருந்தால், மனிதருக்கு எப்படி சார் சொகுசாக இருக்கும்?