பெட்டிக்குள் சொன்ன பெயர்

– கதவைச் சாத்திட்டு உட்காரு அக்கா. கோயில்ல என்ன நடந்துச்சு?

– பாவசங்கீர்த்தனம் நடந்துச்சு. தவக்காலத்துல வேற என்ன நடக்கும்? முதல்ல தண்ணி குடு.

– பெலாஜியா அக்கா, விளையாடாதே. உள்ளே போனவ வெளியே வர இவ்வளவு நேரமா?

– சாமியார் விட்டாத்தானே செவெரோ! என் பாவமெல்லாம் அவருக்கு எதுக்கு? ‘கொக்கு’ங்கிற பேர்ல எழுதுறது யாரு, அது ஒண்ணுதான் கேள்வி. திரும்பத் திரும்ப அதே கேள்வி.

– கேட்பான். நான்தான் எழுதியிருக்கேனே! பாவம் கேக்குற பெட்டியைப் பாதிரிங்க ஸ்பெயின்காரனோட போலீஸ் சாவடி ஆக்கிட்டாங்கன்னு.

– நீ எழுதிட்டே ராசா. முட்டி போட்டது நான்.

– தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

– சொன்னேன். “உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். பேர் வர்ற வரைக்கும் பாவமன்னிப்பு கிடையாது, ஈஸ்டருக்கு நற்கருணை கிடையாது”ன்னுட்டார்.

– கிடைக்கலைன்னா போகட்டுமே!

– உனக்கு வாய்க்கு வந்தது பேச்சு. நற்கருணை வாங்காத வீடு எதிரி வீடுன்னு மேலிடத்துக்கு எழுதிப் போடுவார். மறுநாளே சோதனை. நீ அச்சடிச்சு வெச்ச தாளெல்லாம் என் நெல்லுப் பத்தாயத்துலதானே கிடக்கு?

– அதனால?

– அதனால ஒரு பேரைச் சொல்லிட்டேன்.

– அக்கா!

– கத்தாதேடா. அக்கம்பக்கம் கேட்கும்.

– நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? வாளெடுங்கன்னா எழுதினேன்? ஸ்பெயின்ல இருக்குற சட்டம் நமக்கும் வேணும், ஊர் நிலமெல்லாம் பாதிரிங்க மடத்துக்கு எதுக்குன்னு கேட்டேன். அதுக்கு நாடு கடத்துவாங்கன்னு தெரியும். கூடப்பிறந்தவளே காட்டிக் குடுப்பான்னுதான் தெரியாது.

– கொட்டித் தீர்த்துட்டியா? இப்ப மூட்டையைக் கட்டு. ஹாங்காங் கப்பல்ல ஏத்திவிட ஆத்தங்கரையில படகு நிக்குது. அரிசிப் பலகாரம் தென்னங்குருத்துல சுத்தி வெச்சிருக்கேன், வழியில சாப்பிடு.

– நான் ஓடமாட்டேன். வரட்டும் அவங்க.

– உன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க.

– பேரைச் சொல்லிட்டேன்னியே?

– உன் பேர்னு எப்ப சொன்னேன்?

– ஐயோ, எந்த அப்பாவியை மாட்டிவிட்டே? இரு, இப்பவே போய்க் கொக்கு நான்தான்னு சொல்லிடறேன். என் எழுத்துக்கு இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போகக் கூடாது.

– போகமாட்டார். உட்காருடா.

– பெட்டிக்குள்ள பொய் சொன்னியா? நீயா?

– ஆமா, நான்தான். நரகம்னா நீ சிரிப்பே. எனக்கு அது நம்ம வீட்டுக் கிணறு மாதிரி நிஜம்டா. மண்டியிட்டுக்கிட்டே பொய் சொன்னேன், மன்னிப்பையும் வாங்கிட்டேன். நரகத்துக்கே கொண்டு போற சாவான பாவம். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

– யார் பேரைச் சொன்னே, அக்கா?

– உன் மச்சான் பேரை. போன மாசம் வாந்திபேதியில போன மனுஷனை அவங்க எந்த ஜெயில்ல போடுவாங்க? நாளைக்குக் கோயிலுக்கு எதிரின்னு கல்லறைத் தோட்டத்து மந்திரிச்ச மண்ணுலேர்ந்து தோண்டி வேலிக்கு வெளியே வீசுவாங்க. என் புருஷனை நான் பொறுக்கி எடுத்துப் புதைச்சுக்கறேன், நீ ஹாங்காங் போய் வேற பேர்ல எழுது.