சக்திமானின் முன்னிருக்கை: திரு. தாசையன் அவர்களுக்கு ஆரியசாலைப் பணிமனையார் அளிக்கும் மடல்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க ஐயா,

முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். மடல் எழுதிப் பழகியவள் அல்லேன். சேஷன் பார்சல் சர்வீஸின் கணக்குப் பிரிவில் சரக்குச் சீட்டு எழுதுவதன்றி வேறெதுவும் எழுதி அறியாதவள். பள்ளியில் கற்ற தமிழை இத்தனை ஆண்டுகள் மடித்தே வைத்திருந்து, இன்றுதான் நடுக்கத்தோடு பிரிக்கிறேன். இதுவரை விடைபெற்றோர்க்கெல்லாம் மடல் எழுதியவர் மேலாளர் திரு. வெங்கிடேஷ் அவர்கள். இம்முறை அவர், "நீயே எழுதிடு சுப்ரியா, எனக்கு ரெண்டு வரிக்கு மேல ஓடல" என்று தாளை என் பக்கம் நகர்த்தி விட்டமையால் துணிந்தேன். தாங்களும், முன்வரிசையில் வீற்றிருக்கும் தங்கள் துணைவியார் திருமதி சரசம்மா அவர்களும், சபையோரும் என் பிழை பொறுத்தருள வேண்டுகிறேன்.

செவியால் நோயறிந்து செங்கையால் நோய் தீர்த்த செம்மலே!

பாறசாலையிலிருந்து இளமையிலேயே வந்து, எங்கள் லாரிகளின் கரியையும் களைப்பையும் தங்கள் கைகளில் ஏற்றுக்கொண்டு, பணிமனையின் தலைமை மெக்கானிக்காக உயர்ந்து, உயர்ந்த பின்னும் வண்டிக்கு அடியில் படுக்கத் தயங்காத தங்கள் தொண்டினை எச்சொல்லால் ஏத்துவோம்! ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டி நின்றுவிட்டால் ஓட்டுநர்கள் தங்களைத்தான் அழைப்பார்கள். கைப்பேசியை பானட்டுக்குள் நீட்டுவார்கள். தாங்கள் கண்மூடிக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல மக்களே, பெல்ட்டு தளந்து போச்சு. மெள்ள ஓட்டிட்டு வா" என்பீர்கள். அந்தக் குரலை நம்பித்தான் எத்தனை வீடுகளில் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது!

துருவைத் துடைத்து உருவைக் கண்டவரே!

எங்கள் முதலாளி திரு. சேஷன் அவர்களின் தந்தையார் பட்டாள ஏலத்தில் எடுத்து, சில காலம் ஓட்டி, பின்னர்ப் பணிமனையின் பின்மூலையில் வெட்டுகல் மேல் ஏற்றி நிறுத்திய பழைய டிரக்கை நாங்கள் வண்டியாகவே எண்ணியதில்லை. நனைந்த சாக்குகளைக் காயப்போடும் கொடியாகவே அறிந்திருந்தோம். அது எவ்வகை வண்டி என்பதில் மட்டும் தேநீர் வேளைதோறும் தீராத வழக்கு. முதலாளி அதனை அமெரிக்க வண்டி என்பார். தாங்கள் பிரிட்டிஷ் பெட்போர்டு என்று அடித்துப் பேசுவீர்கள். ஓட்டுநர் பிபின், "ரெண்டும் இல்ல, அது ஆக்கிரிக்கடைக்குள்ள வண்டி" என்று இருவரையும் சேர்த்துச் சீண்டுவார்.

இவ்வாண்டு தொடக்கத்தில், குத்தகை முடிவதால் பணிமனையின் பின்பகுதியை அக்டோபர் இறுதிக்குள் காலி செய்து தரவேண்டும் என்று ஆயிற்று. தாங்கள் ஓய்வுபெறும் நாளும் அதுவே. தானாக நகர்ந்தால் டிரக் நெடுமங்காட்டிலுள்ள முதலாளியின் தோட்டத்தில் நிற்கலாம். நகராவிட்டால் பிபின் சொன்ன ஆக்கிரிக்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போகும். இதனைக் கேட்ட அன்றே தாங்கள் உப்புத்தாளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முன் பம்பரின் எதிரே அமர்ந்தீர்கள்.

எங்கள் பார்சல் சர்வீஸின் நீலம் கரைந்தது. அதனடியில் ஒரு மஞ்சள். அதனடியில் பட்டாளப் பச்சை. பச்சையின் மேல் வெள்ளையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. அதையடுத்து எழுபத்தொன்று என்ற ஆண்டு. நம் ராணுவத்தின் எண் எழுதும் முறை! பின்னர் எஞ்சினையும் முன்னச்சையும் ஆராய்ந்து, ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த சக்திமான் என்று உறுதி செய்தீர்கள். முதலாளியின் அமெரிக்காவும் தங்கள் பெட்போர்டும் ஒருசேரத் தோற்றன. "நம்ம நாட்டு வண்டிய நம்மாலயே அடையாளம் காண முடியலியே, ஓய்!" என்று முதலாளி சிரிக்க, "நான் தோத்துட்டேன் மொதலாளி, வண்டி செயிச்சுட்டு" என்று தாங்களும் சிரித்ததை மறப்போமா!

அதன்பின் தங்கள் உணவு இடைவேளைகள் அனைத்தும் அதற்கே ஆயின. ஓணம் கழிந்த ஒரு நண்பகலில் அந்த எஞ்சின் உறுமியது! ஆரியசாலைத் தெரு முழுதும் கரும்புகை. எதிர்க் கடையிலிருந்து மிளகாய் மொத்த வியாபாரி சத்தியநேசன், "எந்தா அண்ணாச்சி இது, என் மொளகா மூட்ட எல்லாம் டீசல் மணக்குதே!" என்று கத்திக்கொண்டே வந்து, வந்த வேகத்திலேயே நின்று கைதட்டினார்.

அன்றுதான் தங்கள் ஆசையைச் சொன்னீர்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சரசம்மா அம்மையார், சிறுமியாக மலையிறங்கிய போதெல்லாம் லாரியின் பின்புறத்தில், தேயிலைச் சாக்குகளின் நடுவே, வழி எதுவும் காணாமலே வந்தவர். ஓய்வுபெறும் நாளில் அவரை முன்னிருக்கையில் அமர்த்தி இந்த வண்டியிலேயே போனக்காடு வரை ஏறிச் சென்று, திரும்பும் வழியில் நெடுமங்காட்டில் வண்டியை விட்டுவருவது தங்கள் எண்ணம். அம்மையார் அந்த இருக்கைக்குத் தம் கையாலேயே பச்சை உறை தைத்து அனுப்பினார். "பூப் போட்ட துணி வேண்டாம்னு சொல்லிட்டா. பட்டாள வண்டியில்லியா, மரியாத வேணுமாம்" என்று தாங்கள் எங்களிடம் விரித்துக் காட்டினீர்கள்.

பிற சமயத்தின் மாண்பைத் தம் மாண்பாய்ப் போற்றிய பெருந்தகையே!

இனி எழுதுவதை எழுதாமல் விடவே விரும்பினேன். எழுதாவிட்டால் இம்மடல் மெய்யாகாது என்று அனைவரும் கூறினர்.

சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட் புகைவதைக் கண்டு, புதியது வாங்கி மாற்றுவதற்காக அஷ்டமி நாளன்று காலையில் ஹெட்டைக் கழற்றினீர்கள். டீசல் பம்பையும் பிரித்துத் தட்டில் பரப்பினீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய கேஸ்கெட், நாணத்தோடு சொல்கிறேன், நம்முடைய லாரியிலேயே தாமதமாகி மாலையில்தான் வந்தது. அதற்குள் பூசைவைப்பு நேரம் ஆகிவிட்டது. வைத்த கருவியை விஜயதசமிக் காலை வரை தொடுவதில்லை, வேறு கருவியால் வேலையும் செய்வதில்லை என்பது இப்பணிமனை வழக்கம். ஞாயிறு ஆராதனை தவறாத தாங்கள், ஆண்டுதோறும் போலவே, தங்கள் டூல் பாக்ஸைத் துடைத்துத் தங்கள் கையாலேயே சரஸ்வதி படத்தின் முன் வைத்தீர்கள். கடைசி ஸ்பேனர் வரை வைத்தீர்கள். எஞ்சின் திறந்தே கிடந்தது.

மறுநாள் பெருமழை. தார்ப்பாயைக் காற்று தூக்கியது. தாங்களும் பிபினும் முதலாளியும் குடைகளோடு ஓடி, எஞ்சினுக்குக் குடை பிடித்து நின்றீர்கள். "எந்தா ஆசானே, இதுக்குக் காய்ச்சல் வந்துருமோ?" என்று பிபின் கேட்க, "சிரியாதடே, குடையச் சரிச்சுப் பிடி" என்று அதட்டினீர்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். எட்டிய தூரத்தில் பூசையறை. ஹெட்டை வைத்து முடுக்க அரை நாள் வேலை. எல்லோர் மனத்திலும் கருவியை எடுத்துவிடலாமே என்ற ஒரே நினைவு; எவர் வாயிலும் அச்சொல் வரவில்லை. கேட்டால் எங்கள் நம்பிக்கை புண்படும் என்று தாங்கள் அஞ்சினீர்கள். சொன்னால் தாங்கள் காத்துவரும் மரியாதையைச் சிறுமைப்படுத்தியதாகும் என்று முதலாளி அஞ்சினார். நாங்களோ இருவரையும் அஞ்சினோம்.

மாலையில் மழை விட்டது. தார்ப்பாயை இறுகக் கட்டிவிட்டு வீடு சென்றோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது சாலைக் கடைத்தெருவின் ஓடை நிரம்பிப் பணிமனைக்குள் புகுந்திருந்தது. தட்டும் பம்பின் பாகங்களும் காணவில்லை. தார்ப்பாய் நீர் கோத்துக் கிழிந்து சிலிண்டர்களுக்குள் கொட்டியிருந்தது. இவ்வாண்டு திதி நீண்டமையால் அன்றும் பூசை முடியவில்லை. விஜயதசமிக் காலையில் முதல் ஸ்பேனரைத் தாங்கள் எடுத்தபோது எஞ்சின் இறுகியிருந்தது.

அப்போதுதான் முதலாளி சொன்னார்: "நீர் ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே எடுத்துக் கையில குடுத்திருப்பேனே, ஓய்!"

தாங்கள் தலைகுனிந்து சொன்னீர்கள்: "நீங்க ஒரு வாக்குச் சொல்லியிருந்தா, நான் எடுத்திருப்பேனே, மொதலாளி."

எஞ்சின் இறுக்கத்தைத் தங்கள் கை இளக்கியிருக்கும். அந்தப் பம்புக்கு மாற்றுத்தான் நாகர்கோவிலிலும் இல்லை; கோயம்புத்தூரிலும் இல்லை. சென்ற வாரம் இரும்புக் கடையார் கேஸ் கட்டரோடு வந்தனர். "நாளைக்கு வெட்டுங்க. இன்னைக்கு நான் கழுவித் தாறேன்" என்று அவர்களை நிறுத்தி, சோப்புத் தண்ணீரால் அந்த வண்டியைச் சக்கரம் வரை கழுவித் தந்தீர்கள். அம்புக்குறியுள்ள பம்பர்த் துண்டை மட்டும் வெட்டி வாங்கி வைத்தோம். அதனை இம்மடலோடு தங்கள் கைகளில் சேர்க்கிறோம். இது ஈடாகாது என்பதை அறிவோம்.

தாங்களும் சரசம்மா அம்மையாரும் மூட்டுவலி அறியாமல், மருந்துச் சீட்டு நீளாமல், பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் வாழ்க! எங்கள் வண்டிகள் வழியில் நின்றால் இனியும் தங்கள் கைப்பேசி ஒலிக்கும்; தயைகூர்ந்து எடுத்தருள்க! எங்களிடம் கேட்பதற்கு ஏதேனும் இருந்தால், ஐயா, இனியேனும் தயங்காமல் கேட்டருள்க. நாங்களும் சொல்லப் பழகுகிறோம்.

மடலில் வண்டியின் கணக்கும் இருக்கவேண்டும் என்று தாங்கள் கேட்டுக்கொண்டபடி, இழந்தவை:

சக்திமான் டிரக் ஒன்று.
அதன் டீசல் பம்ப்.
பிரிக்கப்படாத புதுக் கேஸ்கெட் ஒன்று. இருக்கிறது, பொருத்த இடமில்லை.
தங்கள் உணவு இடைவேளைகள்.
போனக்காடு வரை ஒரு பயணம்.
பச்சை உறை தைத்த முன்னிருக்கை. அதில் சரசம்மா அம்மையார் ஒருமுறையும் அமரவில்லை.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சேஷன் பார்சல் சர்வீஸ் பணிமனை மற்றும் அலுவலகப் பணியாளர்கள்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.