தாயையும் பிள்ளையையும் காத்த பதினோரு பக்கங்கள்

பிரியாவிடைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையே, பள்ளிவாசல் நிருவாகத்துப் பெரியோர்களே, என்னோடு கண்விழித்த தாதியரே, தாய்மாரே, தம்பிமாரே! அப்துல் ஹமீட் ஆகிய நான், முப்பத்தொரு ஆண்டுகள் பிடித்த சத்திரசிகிச்சைக் கத்தியை இன்று கீழே வைக்கிறேன்.

என் கையைப் புகழ்ந்தீர்கள். அந்தக் கை தவறவிருந்த நாளைச் சொல்லட்டுமா?

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், மருதமுனையிலிருந்து பரீனா வந்தார். மார்பில் புற்றுநோய். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. கல்யாணமாகி எட்டு வருடம் காத்துக் கிடைத்த பிள்ளை! நான் கற்றது ஒன்றே: கருவைக் கலைத்து, தாயைக் காப்பாற்று. அதையே சொன்னேன்.

கணவர் முபாறக் சுவரில் சாய்ந்தார். பரீனா அழவில்லை. "டொக்டர், புள்ளய உட ஏலா. வேற வழி ஒண்டும் இல்லையா?"

"இல்லை" என்றேன். எத்தனை எளிதாகச் சொன்னேன்!

அன்று மாலை, தம்பிலுவிலைச் சேர்ந்த இளம் மருத்துவர் சுஜித்தா, பதினோரு பக்கங்களை என் மேசையில் வைத்தார். சர்வதேச சிகிச்சை வழிகாட்டி. "சேர், கோவிக்காதீங்க. நாலாம் மாதத்துக்குப் பிறகு சில புற்றுநோய் மருந்து ஏத்தலாமாம். கதிர்ச் சிகிச்சை மட்டும் பிள்ளை பிறந்த பிறகுதான்."

"எனக்கே படிப்பிக்கிறீங்களா?"

"இல்ல சேர். ஒருக்கா வாசிங்க."

வாசித்தேன். வெட்கினேன். மறுநாள் காலை பரீனாவின் கட்டிலருகே நின்று, "நான் சொன்னது பிழை மகள்" என்றேன்.

என்ன சகோதரரே, பெரிய டொக்டரும் பிழை விடுவாரா என்றா கேட்கிறீர்கள்? ஓம், விடுவார்!

கட்டியை அகற்றினோம். பக்கங்கள் சொன்னபடி மருந்தேற்றினோம். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன் நிறுத்தினோம். முடி கொட்டிய தலையில் முக்காடிட்டு, பரீனா பெண் பிள்ளையைப் பெற்றார். இரண்டேகால் கிலோ! முபாறக் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். ஹிமாயா என்று பெயரிட்டார். பாதுகாப்பு என்று பொருள். என் கண்ணாடி நனைந்து, எதிரே நின்ற சுஜித்தாகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கங்களை எழுதியது யார்? வைத்தியர்கள் மட்டுமா? நமக்கு முன்னே நோயைச் சுமந்த, நாம் முகமறியாத, நாடறியாத பெண்கள்! பிழைத்தவர்களும் எழுதினார்கள், பிழைக்காதவர்களும் எழுதினார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் படிக்காமல் பரீனாக்களைத் தொட நமக்கு உரிமை உண்டா? புதிதாய் வரும் வைத்தியர்களே, ஆண்டுதோறும் அந்தப் பக்கங்கள் திருத்தப்படுகின்றன, நீங்களும் திருந்துங்கள்!

பரீனாவும் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் ஹிமாயாவும் இதோ, முன்வரிசையில். எழும்பு மகள், சபை உன்னைப் பார்க்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சின் நன்றி. வணக்கம், வஸ்ஸலாம்.