ஒரு காபி விலைதான் சார்

ஹலோ... ஹலோ, வணக்கம் சார். 'எந்திரி' ஆப் கம்பெனிலேருந்து பேசறேன். ... ஆமா ஆமா, உக்காந்தே கெடக்கறவங்கள அரை மணிக்கொரு தடவ மணியடிச்சு எழுப்புமே, அதேதான். சந்தாவ ரத்து பண்ணிட்டீங்கன்னு... நானா? விலை நிர்ணயப் பிரிவுத் தலைவர் சார். ... பிரிவுல எத்தன பேரா? அது... சின்ன டீம். ... பின்னாடி இரைச்சலா? ஆபீஸ்ல மீட்டிங் சார். உங்க பக்கமும் அதே இரைச்சல்தான் கேக்குது.

விலை ஜாஸ்தியா? சார், மாசத்துக்கு ஒரு காபி விலைதான் சார்! ... ஓ, காபிக்கடையே உங்களுதா. ... சரி சரி, காபின்னா கைல கப்பாவது இருக்கும்ங்கறீங்க... வச்சிடாதீங்க சார்! பாதி விலை. ... கால் விலை! ... சார், உண்மையச் சொல்லிடறேன். காசு கட்டறவர் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க அத்தன பேரும் ஓசி. மாசக் கடைசில ஒருத்தர்கூட இல்லேன்னா பழைய வேலைக்கே போயிடறேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். இன்னிக்குத் தேதி முப்பது சார்.

... வேலை செய்யலியா? மணி அடிக்கல? ... அடிக்குது. ... உங்களுக்காக வாங்கலியா? ... ஓஹோ, நீங்க நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கறவரு. ... கடைக்கு வர்ற ஆளுக்கா? ஒத்தைக் காபிய வாங்கி வச்சுக்கிட்டு காலைலேருந்து சாயங்காலம் வரைக்குமா? அடப்பாவி! அவன எழுப்பத்தான் பக்கத்துல போன வச்சு மணியடிக்க விட்டீங்களா? ... அப்பவும் எந்திரிக்கல? என்ன ஜென்மம் சார் அது! கொஞ்சங்கூட கூச்சநாச்சம் வேணாம்?

... மணியடிச்சா சிரிக்கிறானா?

... பிளக் பக்கத்து மேஜை.

... பச்சச் சட்டை...

சார்... கல்லாவுல நின்னு, காதுல போனோட, இந்தப் பக்கமே மொறைக்கறது நீங்களா? ... ஆமா. ஆமாமா, நான்தான். வணக்கம் சார். ... இல்ல சார், சிரிச்சது நம்ம ஆப் சத்தமாச்சேன்னு ஒரு பெருமைல...

என்னது? மேஜைக்கு மணிக்கணக்குல வாடகையா? உக்கார்றதுக்கெல்லாமா சார் காசு கேப்பாங்க? எல்லாக் கடையிலயும் சும்மாதானே... ஒரு காபி விலைதானா? ஒரு மணி நேரத்துக்கா! ... சார் சார், ஒண்ணு பண்ணலாம். நீங்க சந்தாவ விட்டுடாதீங்க, நான் மொத ஏழு நாள் இலவசமா உக்காந்து பாக்கறேன், புடிச்சிருந்தா... சார், எங்க போறீங்க? அந்த வைஃபை பெட்டில கை வைக்காதீங்க, நெட்லதான் பேசிக்கிட்டு இருக்கேன், லைன் க—