குபேரனுக்கு ஞாயித்துக்கெழம தண்ணி

இல்ல சார், செருப்ப கயட்டாத. மத்த நாள்னா நானே கயட்டச் சொல்லியிருப்பேன். ஈரத்துல நின்னுகினு ஸ்விட்ச தொடப்போற, செருப்பு கால்லயே இருக்கட்டும். ஓஸ் பைப்ப மிதிக்காம தாண்டி வா. சேச்சே, ஒழுகல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழமன்னா ஹால்ல இப்டித்தான் ஓஸ் கெடக்கும். நாந்தான் டில்லிபாபு, போன்ல பேசனனே. பெட்ரூம அப்பால பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. மொதல்ல மீன பாரு.

ஆமா, பெருசுதான். அரோவானா, வாஸ்து மீனு. பேரு குபேரன், ஓனர் வெச்ச பேரு. அவரு அமெரிக்கால கீறாரு, இங்க எல்லாம் நாந்தான் பாத்துக்கறேன். இந்த மீன் வந்தப்பறந்தான் அவருக்கு க்ரீன் கார்டு வந்துச்சாம். எடத்த மாத்தக் கூடாது, மூஞ்சி கெழக்க பாத்துகினு இருக்கணும்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு. சுத்திச் சுத்தி வர்ற மீன எப்டி சார் கெழக்க பாக்க வெக்கறதுன்னு ஓனரக் கேட்டேன். யோசிச்சிட்டு, தொட்டி பாத்தா போதும்ன்ட்டாரு.

அதான் போன்லயே சொன்னேனே, ரொம்ப லேசான கண்டிசன். மைலாப்பூர்ல, கோயில் கொளத்துலேந்து நடக்கற தூரம், ரெண்டு பெட்ரூம். இந்த வாடகைக்கு வேற எவனும் பைக் நிறுத்தக்கூட எடம் குடுக்கமாட்டான். மீன் உசுரோட கீற வரிக்கும் வாடகைய ஏத்தமாட்டாரு. வாரா வாரம் தண்ணி மாத்தணும், அவ்ளோதான். ஆனா எனக்கு இன்னிக்கே முடிஞ்சாவணும் சார். மத்தியானத்துக்குள்ள திருவான்மியூர்ல இருக்கணும், ஒரு விசேசம். போவலன்னா என் கத கந்தல்.

சரி, அந்த ரெண்டு ஸ்விட்சயும் ஆப் பண்ணு. நீதான் சார் கிட்டக்க கீற. தண்ணி எறங்கனப்பறம் ரெண்டு ஃபில்டரும் சொம்மா ஓடுனா காந்திரும். இப்ப ஓஸ தொட்டிக்குள்ள வுடு. அடில, கல்லாண்ட. மோதிரத்த மட்டும் கயட்டி பாக்கெட்ல போட்டுக்க. மின்னுற எதப் பாத்தாலும் எகிறும். சொம்மா தமாசுக்குதான் எகிறும், பயப்படாத.

ஐயோ, வாய வெச்சி உறிஞ்சாத! அந்தக் காலம்லாம் போச்சு சார். இன்னொரு முனை சமையக்கட்டு கொயால மாட்டிக்கீது, பாரு. இந்தத் திருகு கீழ கீறப்போ கொயாவ தொறந்தா, தொட்டித் தண்ணிய இழுத்துகினு வந்து சிங்க்ல ஊத்தும். திருக மேல ஏத்துனா அதே ஓஸ்ல புதுத் தண்ணி தொட்டிக்குப் போவும். பக்கெட்டு தூக்கற வேலயே இல்ல. தொறந்துட்டியா? ஆங், வருது பாரு.

தண்ணி வேஸ்ட்டா? அசோசியேசன் செகரட்டரி மாதிரியே கேக்கறியே. அதுக்குதான் சிங்க்ல பக்கெட்டு வெச்சிக்கீறேன். அவரு செம்பருத்திச் செடிக்கு கொண்டுபோய் ஊத்தனேன், சும்மா கொத்து கொத்தா பூத்துச்சு. இப்பல்லாம் லிப்ட்ல பாத்தா என்ன கேக்கறதில்ல, குபேரன் சௌக்கியமான்னு கேக்கறாரு.

சாப்பாடா? எறா சார். உரிச்ச எறா. ஆமா, வெஜ் பில்டிங்குதான், கேட்ல போர்டு பாத்திருப்பியே. முட்ட வாசன வந்தாக்கூட மீட்டிங் போடுவாங்க. எனக்கும் கூடாது, உனக்கும் கூடாது, குபேரனுக்கு மட்டும் கூடும். பொதுக்குழுல தீர்மானமே போட்டுக்கீறாங்க, அது வாஸ்து சம்பந்தப்பட்டது, உணவுல சேராதுன்னு. ஆனா கண்ணுல படாம எடுத்துகினு வரணும். சைதாப்பேட்ட மார்க்கெட்ல வாங்கி டிபன் கேரியர்ல போட்டு, மேல் அடுக்குல தயிர்சாதம் வெச்சிருவேன். என் ஒய்ஃப் ஜானகிக்கு எறான்னா உசுரு. அவ கையால எறாவ உரிச்சி மீனுக்குப் போட்டுட்டு, எதுத்தாப்புல குந்திகினு பீர்க்கங்கா கூட்டு சாப்புடுவா. அது அவளயே மொறச்சிகினு மெல்லும்.

நிறுத்து, நிறுத்து. கால்வாசி போனா போதும். மொத்தமா மாத்துனா பழகுன தண்ணி போயி மீன் கலங்கிரும். கொயாவ மூடு. இப்பதான் முக்கியமான வேல. இந்த பாட்டில் ஆன்ட்டி குளோரின், குளோரின முறிக்கற மருந்து. புதுத் தண்ணி வுடறதுக்கு முன்னாடியே ஊத்தணும். கால்வாசித் தண்ணிக்கு கால்வாசி மருந்துன்னு கஞ்சத்தனம் பண்ணாத. கொயாலேந்து நேரா வுடறதால முழுத் தொட்டிக்கும் சேத்து ஊத்தணும். பாட்டில்ல அளவு போட்டுக்கீது, படிச்சிட்டு ஊத்து. கொயாத் தண்ணில குளோரின் வாசன ஒருநாள் தெரியவே தெரியாது, ஒருநாள் மூக்கப் பொத்திக்கணும். அதக்கூட சமாளிக்கலாம். நம்ம ஆளுங்க சம்ப்ல ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவாங்க சார், யாருகிட்டயும் சொல்லமாட்டாங்க. வாட்சப் குரூப்புல காலங்காத்தால புள்ளையார் வருவாரு, முருகர் வருவாரு, முட்டி வலிக்கு வைத்தியம் வரும். பவுடர் கொட்டுன சேதி மட்டும் வராது. அதனால ஒவ்வொரு தபாவும் தண்ணிய மோந்து பாரு.

கைய வுட்டு ரெண்டு தண்ணியயும் தொட்டுப் பாரு. மொட்டமாடி டேங்க்கு, வெய்யில் ஏறுனா வெந்நிதான் வரும். ஒரே மாதிரி கீதா? அப்ப திருக மேல ஏத்து, மெதுவா தொற. ஓஸ் முனைய தண்ணிக்கு மேலயே தூக்கி மாட்டு. முங்கிகினு இருக்கறப்போ கொயால தண்ணி நின்னுச்சின்னா, தொட்டித் தண்ணி திரும்பி நம்ம குடிக்கற லைனுக்கு ஏறிடும். அப்பறம் மொத்த அசோசியேசனும் அசைவம் ஆயிடும்.

ரொம்பற வரிக்கும் எங்கயும் போவாத. பெல் அடிச்சிதுன்னு ஒரு தபா போயி வந்தேன், கீழ் வூட்டு சீலிங்ல இந்தியா மேப்பு வந்துருச்சி. மொதல்ல பாத்தது ஓனர்தான், அமெரிக்காலேந்து. மேல பாரு, கேமரா. பயப்படாத, தொட்டிய மட்டுந்தான் காட்டும். ஜானகி இங்க சோபாவாண்ட மயக்கம் போட்டு வியுந்தா, அதுக்குத் தெரியல. அவள ஆட்டோல ஏத்திகினு போறேன், அவரு போன் பண்றாரு, குபேரன் ஏன் டல்லா கீறான்னு.

இரு, மெசேஜ் வருது. ஓனர்தான். கட்டவெரல் போட்டுக்கீறாரு பாரு. கை நடுங்காம பண்றாரு, சாவியக் குடுத்துருங்கறாரு. இன்டர்வியூவா? இவ்ளோ நேரம் வேற இன்னா சார் நடந்துச்சி?

நா ஓனரோட ஆளா? இல்ல சார், நானும் வாடகைக்கு கீறவன்தான். உன்ன மாதிரியே வூடு பாக்கத்தான் வந்தேன். முன்னாடி இருந்தவரு என் கைல ஓஸக் குடுத்துட்டு கட்டிப்புடிச்சிகினு அழுதாரு. வூட்ட வுட்டுப் போற துக்கம்னு நெனச்சேன். அடுத்த ஆளு வந்தாதான் கெளம்பணும், அதான் பேச்சு. பூட்டிட்டுப் போயிருக்கலாந்தான். ஒருநாள் போனேன். மந்தவெளி பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயி திரும்பிட்டேன். அது இன்னா சார் பண்ணும் பாவம், அதுவா க்ரீன் கார்டு கேட்டுச்சு?

ஜானகி அவங்கம்மா வூட்ல கீறா. அதான் திருவான்மியூரு. சீமந்தத்துக்கு ஞாயித்துக்கெழம நாள் குறிச்சிட்டாங்க சார். அன்னிக்கின்னு பாத்து எவனோ பவுடர் கொட்டிட்டான், நா மோந்து பாக்காம தண்ணிய வுட்டுட்டேன், மீன் மல்லாந்துடுச்சி. மருந்து ஊத்தி, அது நிமிந்து நீந்தற வரிக்கும் கூட நின்னுட்டு, பட்டு வேட்டியோட போயி நிக்கறேன், எல எடுத்துகினு கீறாங்க. மீன் பொயச்சிகிச்சி ஜானகின்னேன். அன்னிலேந்து அளந்துதான் பேசறா. கொயந்த பொறந்ததக்கூட மச்சான்தான் போன் பண்ணி சொன்னான்.

பொண்ணு. இன்னிக்கி பேர் வெக்கறாங்க. மீன யாருகிட்டயாவது ஒப்படைச்சிட்டு வா, இல்லன்னா வராதன்ட்டா. சாவி இந்தா. தண்ணி தொட்டில கீற கோட்டாண்ட வந்ததும் கொயாவ மூடிட்டு ரெண்டு ஸ்விட்சயும் போடு, மறந்துடாத.

இன்னா பேரா? இன்னும் முடிவாவல சார். நேத்து அவளே போன் பண்ணி, நீயும் ஒரு பேரு சொல்லுன்னா. காவேரின்னேன். தண்ணி பேரே வேணான்னா. சரி, கங்கான்னேன். போன வெச்சிட்டா.