குட்டைக் கோட்டுப் பிள்ளைகளின் கணக்கு டீச்சருக்கு

கணக்கைக் கசப்பாக்காமல் கற்பித்தவரே, சாக்பீஸ் தூளைக் கூந்தலில் சுமந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்களோடு நடந்து இன்று ஓய்வு பெறுபவரே, வணக்கம்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, தேர்வு அட்டவணையை உறையிலிட்டு அனுப்பிய பள்ளி எழுத்தர்தான் இம்மடலை வாசிக்கிறேன். என்னிடம் எழுதக் கொடுத்தவர்களின் துணிச்சலையும் பாராட்டத்தான் வேண்டும்.

எந்த இனத்துப் பிள்ளைகள் கணக்கில் சராசரி எவ்வளவு வாங்கினார்கள் என்று காட்டும் கோட்டுப்படம்தான் பலகையில் ஒட்டிய அந்தத் தாள். துறைமுகக் குடியிருப்பில் வேற்றுமொழி பேசுவோரின் கோடுதான் ஆகக் குட்டை. அழகுக்காக அதற்கு ஆரஞ்சு நிறம் வேறு பூசியிருந்தேன். அங்கிருந்து வரும் மாணவி ஒருத்தி அடிக்கோலை வைத்து அளந்துவிட்டுக் கேட்டாள்: "சார், நாங்க இவ்வளவுதானா?"

"படம் வரைஞ்சது மட்டும்தாம்மா நான்" என்று நழுவினேன்.

நீங்கள் நழுவவில்லை. "எந்தப் பிள்ளை எந்த அறையில உக்காருதுன்னு இன்னொரு படம் போடுங்க" என்றீர்கள். போட்டேன்; குட்டைக் கோட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். சேர்க்கைப் படிவத்தில் வீட்டுமொழி வேறு என்றிருந்தால் பிரிவுப் பட்டியலில் 'இ' என்று எழுதி, ஆசிரியர் கையெழுத்துக்கு வைப்பது என் வழக்கம். தச்சுப் பட்டறையை ஒட்டிய அந்த அறைக்கு மூன்றாண்டாகக் கணக்கு ஆசிரியரே இல்லை.

மறு வாரமே, பரிசுகள் குவிக்கும் 'அ' பிரிவை விட்டு அங்கே போனீர்கள். படிவத்தைப் பார்த்துப் பிரிக்கும் வழக்கத்தையும் நிறுத்த வைத்தீர்கள். இன்றும் அவ்வழி போனால், மரத்தூளுக்கும் ரம்பச் சத்தத்துக்கும் நடுவே "மறுபடி சொல்லு, அவசரமில்ல" என்ற உங்கள் குரல் கேட்பது போலிருக்கிறது. கோடு வளர்ந்தது. சமமாகிவிட்டது என்று புளுகினால் மேடையிலேயே திருத்துவீர்கள். இன்னும் இரண்டு விரற்கடை குறைகிறது. அந்த மிச்சத்தை எங்களிடம் விட்டுச் செல்கிறீர்கள்.

மணியோசை எழுப்பாத காலைகளில் மனம்போல் உறங்கி, நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம்.

"என் மேல கோபமா டீச்சர்?" என்று பதினோர் ஆண்டுகளாகக் கேட்டு வந்தேன். "டீ ஆறுது, குடிங்க" என்பீர்கள். சென்ற வாரம் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டேன். இழுப்பறையை மூடிவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"இருந்துச்சு. உங்க மேல பாதிதான். அந்தப் பிரிவுப் பட்டியலை மூணு வருஷமா படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டது நான்."

அன்புடன்,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்