அறுபத்து மூணாவது செக்டார்

ஹலோ... ஆமா மச்சான், மாமாதான் பேசறேன்... தூங்கிட்டிருந்தியா? தூங்கு, தூங்கு. ரெண்டு நாள் கண்ணு முழிச்சு சர்வரைப் புதுசா மாத்தினவன், தூங்கத்தானே செய்வே. இங்க ஆஸ்பத்திரியில என் மானம் போயிட்டிருக்கு.

...என்ன ஆச்சா? ஒரு ரத்த ரிப்போர்ட் திறக்க ஆறு நிமிஷம் ஆகுது. லேப் வாசல்ல கூட்டம் நெரியுது. எவனோ கவுன்டர் கண்ணாடியைக் குத்தி உடைச்சுட்டான்... கவுன்டர்ல உக்கார்ற பொண்ணா? கையில நாலு தையல். அதை விடு.

...சேச்சே, திட்டறதுக்குக் கூப்பிடல. ஏன் இப்படி இழுக்குதுன்னு மட்டும் சொல்லு... ம்... ம்... ஆமா, ஆமா, பார்ட்டிஷன், டிஸ்க்கைப் பிரிச்சு வெச்ச பிரிவு... பழசு அறுபத்து மூணாவது செக்டார்ல, அதாவது அறுபத்து மூணாவது துண்டுல ஆரம்பிக்குது... புது டிஸ்க் எட்டெட்டு செக்டாரா கட்டம் கட்டி வெச்சிருக்கு... ஓ, இது கட்டத்துக்கு நடுவுல போய் உக்காந்திருக்கா? அதான் ஒரு கட்டத்துல எழுதறதுக்கு ரெண்டு கட்டத்தைத் தொடுதா... புரியுது, புரியுது.

...ஆமா, பழைய பிரிவை அப்படியே ஏத்துன்னு நான்தான் சொன்னேன். இல்லைன்னேனா?

சரி, இதை எப்படி நேராக்கறது?... இரு, பேனா எடுத்துக்கறேன்... எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும்... இதை முழுசா அழிக்கணும்... ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டாவது செக்டார்ல ஆரம்பிச்சுப் புதுசாப் பிரிக்கணும்... திரும்ப ஏத்தணும். அரை நாள் சர்வர் நிக்கும். அவ்வளவுதானே?

...நீ எங்க கிளம்பறே? சட்டையைக் கழட்டு... வரவேண்டாம்னா வரவேண்டாம்... இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே எப்பவும்.

...ஆமா. காலையிலேயே பெரிய டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன், தப்பு உன்னோடதுன்னு... கத்தாதே, காது வலிக்குது... யாராவது ஒருத்தன் தலை உருளணும்ல? பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன், என் தலையை உருட்டிக்கவா?

...அனுப்பினே. மூணு மெயில் அனுப்பினே. ‘அப்படியே ஏத்தாதீங்க மாமா, மெதுவாயிடும்’னு. படிச்சேன். அரை நாள் நிறுத்தணும்னு எழுதியிருந்தியே, அதோட மூடிட்டேன்... டாக்டர்கிட்ட காட்டுவியா? காட்டேன். அது எங்க இருக்கு, மச்சான்?... யோசிச்சுப் பாரு... அதே சர்வர். அதே டிஸ்க். முழுசா அழிக்கணும்னு இப்பதானே உன் வாயாலேயே சொன்னே? நோயாளிங்க ரிப்போர்ட் ஒண்ணு விடாம நகல் எடுப்பேன். மெயிலை எடுக்க மாட்டேன்.

...ஹலோ? போனை வெச்சுடாதே.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. அட்மின் பாஸ்வேர்டை மாத்தி வெச்சிருக்கியே, அதைச் சொல்லு... தரமாட்டியா? சரி, தராதே. சாயந்திரம் வீட்டுக்குப் போன கையோட உன் அக்கா பெட்டியைத் தூக்கி வெளியில வெக்கறேன். உன் ஒத்தை ரூம்ல கொண்டுபோய் வெச்சுக்கோ... விளையாட்டா? நான் என்னிக்குடா உன்கூட விளையாடியிருக்கேன்?

...அழாதே. அழுதா எழுத்து சரியாக் காதுல விழாது.

...ம், இப்படி வா வழிக்கு. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு... எஸ்... ஐ... டி... இன்னொரு டி-யா? சரி... யூ... சிட்டு? நம்ம சிட்டுவா?... என் பொண்ணு பேரை வெச்சு என்னடா பாஸ்வேர்ட்... சரி சரி, மேல சொல்லு... அவ பிறந்த தேதியா?... போட்டுக்கறேன்.

...பதினாலு... இல்லியா? எடுக்கலையே... பதினஞ்சா?... அட, எனக்கெங்கடா அதெல்லாம் ஞாபகம் இருக்கு! நேரமாகுது, நீயே சொல்லித் தொலை.

...பத்தொம்பது... ஆறு... ம்... ம்...

திறந்துடுச்சு. வெக்கறேன்.